தொழில் மந்தமும் நம் பிள்ளைகளின் வேலையும்

 

தொழில் மந்தம் என்றதும் ஆட்குறைப்புதான் நம் நினைவுக்கு வருகிறது. அது பாதிக் கதை. மந்த காலத்தில் தாமாக வேலையை விடுபவர்களும் குறைந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதை மாதாமாதம் கணக்கெடுக்கிறார்கள். 2006-ல் மாதத்துக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் தாமாகவே வேலையை விட்டார்கள். 2009-ல் அது சுமார் 17 லட்சமாகச் சுருங்கியது. அந்த ஆண்டில் தாமாக விலகியவர்களைவிட நிர்வாகம் அனுப்பியவர்களே அதிகம்.

யாரும் வேலையை விடாதது நல்லதுதானே என்று கேட்கலாம். வேலையில் இருப்பவருக்கு நல்லது. ஆனால் ஒருவர் நல்ல இடம் கிடைத்துப் போனால்தான் அவர் இடம் காலியாகும். அதற்கு இன்னொருவர் வருவார், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர். கடைசியில் படித்து முடித்த பிள்ளைக்கு ஓர் இடம் வரும். யாருமே இறங்காத பஸ்ஸில், நிறுத்தத்தில் நிற்பவர் எப்படி ஏறுவார்? கம்பெனி ஒருவரையும் நீக்காவிட்டாலும் புதியவருக்குக் கதவு அடைபட்டே கிடக்கும். அப்படிப்பட்ட வருஷத்தில் பட்டம் வாங்கிய மகனைச் சோம்பேறி என்று ஏசும் அத்தாமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மகள் என்றால் ஏச்சுகூட இல்லை, வேலைப் பேச்சையே நிறுத்திவிடுகிறோம்!

அடுத்தது, நம்மில் தொழில் நடத்துபவர்களுக்கு. நம் தோல் பொருள்களையும் ஷூக்களையும் வாங்கும் முக்கிய நாடுகளில் ஜெர்மனி ஒன்று. அங்கே மந்தம் என்றால் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் ஆர்டர் குறையும். 2009-ல் அந்நாட்டின் உற்பத்தி 5 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. ஆனாலும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. காரணங்கள் பல; அதில் ஒன்று, ஆளை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைத்தது. இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை வேலையின்மைக் காப்பீட்டு நிதி ஈடுசெய்தது. உச்சத்தில் 14 லட்சம் பேருக்கு மேல் இப்படி வேலையில் தங்கினார்கள். ஆர்டர் திரும்பியபோது பழகிய கைகள் அங்கேயே இருந்தன. புது ஆளுக்குத் தையல் பழக்க எத்தனை மாதம் போகும் என்பது பட்டறைக்காரர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதுபோன்ற நிதி நம்மிடம் இல்லை. ஆனாலும் ஆர்டர் குறைந்தால் முதலில் நாளைக் குறையுங்கள், ஆளைக் குறைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வாரம் நான்கு நாள் கூலி வரும் வீட்டுக்கு அரிசி, பள்ளிக் கட்டணம் என்று நம் டிரஸ்ட் கைகொடுத்தால் அந்த வீடு சமாளித்துவிடும். கூலியே நின்றுபோன வீட்டை நம்மால் நெடுநாள் தாங்க முடியாது. வேலை நாள் குறைந்த தொழிலாளர்களின் விவரத்தை முதலாளிகளே ஜுமுஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் கொடுக்கலாம்.