புதிய குளிசையும் தோல் தரும் எச்சரிக்கையும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கல்லூரிக்கு நூறு வயதாகும் இவ்வேளை நாம் பல தேசங்களில் வாழ்கிறோம். எங்கிருந்தாலும் பெற்றோரின் மருந்துப் பெட்டி நம்மில் பலருடைய பொறுப்பிலேதான் இருக்கிறது. சிலருக்குச் சொந்த மருந்துப் பெட்டியும் சேர்ந்துவிட்டது. ஆகவே மருந்தைப் பற்றிய ஒரு விடயத்தைப் பேசுவோம்.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் தடிப்பதும் கடிப்பதும் நாம் அறிந்ததே. பெரும்பாலும் மருந்தை நிறுத்த அது மாறிவிடும். இன்று பேசுவது வேறொன்று. உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்க, மேற்றோல் இறந்து, தீக்காயம் பட்டதுபோல் உரிந்துவிடும் நிலை அது. 1922இல் அமெரிக்க வைத்தியர்களான ஸ்டீவன்ஸ், ஜோன்சன் இருவரும் இரண்டு சிறுவர்களில் கண்டு எழுதியதால் ஸ்டீவன்ஸ் ஜோன்சன் நோய் என்கிறோம். அதனிலும் கடுமையான வடிவத்தை 1956இல் ஸ்கொட்லாந்துத் தோல் வைத்தியர் அலன் லயல் விவரித்தார். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒரு சிலருக்கே இது வருகிறது. ஆனால் உடலின் 30 சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்துவிடுகிறார்.

எந்த மருந்தாலும் இது வரலாம் என்றாலும் சிலவற்றையே நாம் அடிக்கடி காண்கிறோம். கவுட் நோய்க்குக் கொடுக்கும் அலோபியூரினோல், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசபின், பெனிட்டோயின், லமோட்ரிஜின், கிருமிக்கு எதிரான கோ-ட்ரைமொக்சசோல் போன்ற சல்பா மருந்துகள், சிலவகை வலி நிவாரணிகள் ஆகியவை அவை. இவை பல உயிர்களைக் காக்கும் நல்ல மருந்துகள். ஆண்டுக்கணக்காகச் சுகமாக எடுத்து வருபவர்கள் பயந்து நிறுத்த வேண்டாம். வலிப்பு மருந்தைக் காரணமின்றித் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. கவனிக்க வேண்டியது, புதிதாகத் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களையே.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். குளிசை தொடங்கி இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், தொண்டை நோவு, கண் எரிவு வரும். தடிமன் என்று நினைத்துப் பனடோல் போடுவோம். இரண்டொரு நாளில் தோலில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் எழும்போது பழி பனடோலின்மேல் விழும். உண்மையான குளிசையோ காலையும் மாலையும் வாய்க்குள் போய்க்கொண்டேயிருக்கும். இன்னும் சில வீடுகளில் கொப்புளத்தைக் கண்டதும் கொப்புளிப்பான், அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை வைத்து அறைக்குள் படுக்க வைத்துவிடுவார்கள். இழக்கக் கூடாத நாட்கள் அப்படித்தான் போகின்றன.

வேறுபாட்டை மனத்தில் வைப்போம். கொப்புளிப்பானில் கடி அதிகம். இதிலே தோல் நோகும். வாய், உதடு, கண், சிறுநீர் போகும் இடம் ஆகியவை புண்ணாகும். தொட்டால் தோல் வழுகி உரியும். புதிய மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சலுடன் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுத்த வேளைக் குளிசையை விழுங்குமுன் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லா மருந்துகளையும் மட்டைகளோடு எடுத்துச் செல்லுங்கள். காரணமான மருந்தை எவ்வளவு விரைவில் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு உயிர் தப்பும் வாய்ப்புக் கூடும். கண் வைத்தியரும் ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும். தோல் ஆறிய பின்னரும் கண் வறண்டு, தழும்பு பட்டுப் பார்வை போனவர்கள் உண்டு.

தப்பியவர் அந்த மருந்தை வாழ்நாளில் மீண்டும் தொடக் கூடாது. வலிப்பு மருந்தானால் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சிலவும் ஆகா. பெயரை எழுதிப் பணப்பையில் வைக்க வேண்டும். கடைப் பெயரை அல்ல, மருந்தின் பெயரையே எழுதுங்கள். ஓரிடத்தில் ஸைலோரிக் என்று விற்கும் அலோபியூரினோல், இன்னோரிடத்தில் ஸைலோபிரிம் ஆகிவிடும். பொதியில் ஊருக்கு மருந்து அனுப்பும் நாமும், ஒருவருக்குத் தந்த குளிசையை இன்னொருவருக்குக் கொடுக்கும் நாமும் இதை மறக்கலாகாது.

குற்றவுணர்வோடு வரும் மகள்மாரையும் காண்கிறோம். "நான்தானே குளிசையை எடுத்துக் கொடுத்தேன்" என்று அழுவார்கள். அது அவர்கள் பிழையல்ல. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமசபினால் இந்த ஆபத்து மிகக் கூடுதல் என்பதை 2004இல் தாய்வான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அலோபியூரினோலுக்கும் அவ்வாறொரு மரபணு வகை பின்னர் தெரியவந்தது. ஆகவே இரத்த உறவில் ஒருவருக்கு இது வந்திருந்தால், வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுவோம்.

புதிய மருந்து தரும்போது, "இதிலே எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்போம். கேள்வி கேட்கக் கற்றுத்தந்த கல்லூரி இது. வைத்தியருக்கு முன்னும் அந்தப் பழக்கத்தை விடாதிருப்போம்.