அவர்கள் ஓட்டிய முதல் பெரிய வண்டி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



"வெற்றிக்கு வழி" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். அதைப் பேச இந்த மேடையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது லாரி. கனரக வாகனங்களின் பிரேக், கேபின் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். ஆகவே லாரி டிரைவர்களைப் பற்றிப் பேசுகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலருக்கு ராஜகுளம் என்றால் தைப்பூசத் தெப்பம்தான் ஞாபகம் வரும். காஞ்சி வரதர் அங்கே எழுந்தருளுவார். எனக்கோ ராஜகுளம் என்றால் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிற லாரிகள். வேலை விஷயமாக டிரைவர்களிடம் கருத்துக் கேட்க அங்கே போக ஆரம்பித்தேன். கையில் அலுவலகம் கொடுத்த ஒரு படிவம். "இருக்கை எப்படி? ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் தருக" என்ற மாதிரி இருபது கேள்விகள். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "நல்லாத்தான் இருக்கு சார்." சொல்லிவிட்டு டீயைக் குடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு சாயங்காலம் படிவத்தை மடித்து வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க முதமுதல்ல ஓட்டின பெரிய வண்டி எது?" என்று கேட்டேன். அவ்வளவுதான். போகக் கிளம்பியவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் நகர்ந்து வந்தார்கள்.

சங்ககிரிக்காரர் ஒருவர் சொன்னது இது. அவருடைய முதல் வண்டி டாடா 1210. அதில் மூன்றாவது கியர் நிற்காதாம். போட்டால் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். "முழங்காலை முட்டுக் கொடுத்துக்கிட்டே ஓட்டணும்ங்க. சேலம் போய்ச் சேர்றதுக்குள்ள கால் மரத்துப் போயிரும்." அந்த வண்டியை விட்டு முப்பது வருஷம் ஆகியும் மூன்றாவது கியர் போட்டதும் இடது முழங்கால் தானாக நகர்கிறது என்றார். கியர் ஏன் நழுவுகிறது என்பதற்கு நம் பாடத்தில் பத்து மதிப்பெண் விடை உண்டு: தேய்ந்த பற்கள், தளர்ந்த ஸ்பிரிங் என்று எழுதுவோம். முழங்காலைப் பற்றி யாரும் எழுதியதில்லை.

இன்னொருவர் முதலில் ஓட்டியது லாரியே அல்ல, லாரியின் எலும்புக்கூடு. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியை உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து பெரும்பாலும் சேசிஸ்தான் வெளியே வரும். சட்டம், இஞ்சின், சக்கரம், ஸ்டியரிங். கேபின் கிடையாது, கண்ணாடி கிடையாது. அதை நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ஓட்டிக்கொண்டு போனால் அங்கே மரத்தாலும் தகரத்தாலும் 'பாடி' கட்டுவார்கள். இந்த அண்ணன் அந்த சேசிஸை எண்ணூரிலிருந்து நாமக்கல் கொண்டுபோகும் வேலையில் சேர்ந்தார். தற்காலிகமாக மாட்டிய ஒரு சீட், தலையில் துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வெயிலும் மழையும் முகத்தில்தான். ராத்திரியானால் பூச்சி வந்து அடிக்கும். லோடு ஏற்றினால்தான் பட்டை ஸ்பிரிங் அமுங்கும்; வெறும் சேசிஸில் அது இரும்புக் கட்டை மாதிரி நிற்கும், சின்னப் பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "திரும்பிப் பார்த்தா வண்டி இருக்காது தம்பி, ரோடுதான் இருக்கும். அந்தப் பயம் வேற எந்த வண்டியிலயும் வரலை."

பெட்ஃபோர்டு ஓட்டிய ஒரு பெரியவரும் இருந்தார். அந்தக் காலத்து கியர்பாக்ஸில் இன்றைக்கு இருப்பது போல வேகத்தைச் சமன் செய்யும் 'சிங்க்ரோ' கிடையாது. கீழ் கியருக்கு வரவேண்டுமானால் கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு உறுமு உறுமவிட்டு, மறுபடி கிளட்சை மிதித்துக் கியர். இரண்டு தண்டுகளின் வேகமும் ஒத்துப்போகும் அந்த நொடியைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் 'கர்ர்ர்' என்று ஊரே திரும்பிப் பார்க்கும். நொடியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். "காதாலதான். வேறென்ன?" என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

இவர்கள் யாருமே ஓட்டக் கற்றுக்கொண்டது ஸ்டியரிங் முன்னால் அல்ல, இடது பக்க சீட்டில். கிளீனராக ஏறி மூன்று நான்கு வருஷம். டயரை இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்தே உள் டயரில் காற்று இறங்கியிருப்பதைச் சொல்ல வேண்டும். மேட்டில் நின்றால் குதித்து இறங்கி சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். குறுகிய பாலத்தில் இடதுபுறம் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று தலையை வெளியே நீட்டிச் சொல்ல வேண்டும். டிரைவரிடம் திட்டு, சில நேரம் அடியும் உண்டு. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் ராத்திரி ஸ்டியரிங் கைக்கு வரும். லைசென்ஸ் இல்லாத பையனிடம் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சங்ககிரிக்காரருக்கு அது ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் நடந்தது. "குரு தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டாருங்க. ஆனா அவர் கால் மட்டும் இல்லாத பிரேக்கைத் தேடி அமுக்கிக்கிட்டே இருந்துச்சு."

அந்தக் குரு சொல்லிக் கொடுத்த ஒரு விதி: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. தொப்பூர் கணவாயில் இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். 25 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் சுமார் 24.5 மெகாஜூல். நம் ஊர் வெயிலில் இருக்கும் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் அந்தச் சூடு முழுவதும் பிரேக் டிரம்முக்குள் போகும். லைனிங் பிடிப்பை இழக்கும். அப்புறம் மிதித்துப் பயனில்லை. என் தொழிலே இந்தக் கணக்குதான். ஆனால் ஒரே வரியில் சொன்னவர் எட்டாவது தாண்டாதவர்.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பியைக் கேட்டேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவருடைய முதல் பெரிய வண்டியே டிரெய்லர். "ஒரு நாள் யார்டுல ஓட்டிக் காட்டச் சொன்னாங்க சார். மறுநாள் லோடு." கிளீனர்? "கிளீனரா? நான் மட்டும்தான்." ரிவர்ஸ் எடுக்க எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? "யூடியூப்ல பார்த்தேன். இன்னமும் குடோன்ல யாராச்சும் இருந்தா இறங்கிப் போய்க் கூப்பிட்டுக்குவேன்."

பெட்ஃபோர்டு பெரியவர் எதுவும் பேசவில்லை. கடைக்காரரிடம் இரண்டு தீப்பெட்டி கேட்டு வாங்கினார். ஒன்றை இஞ்சினாகவும் இன்னொன்றை டிரெய்லராகவும் பெஞ்சில் வைத்தார். பின்பக்கம் இடது போகணும்னா முதலில் ஸ்டியரிங்கை வலது ஒடி. டிரெய்லர் திரும்ப ஆரம்பித்ததும் அது பின்னாலேயே போ. அது மடங்கினால் அடம் பிடிக்காதே, முன்னால் வந்து மறுபடி எடு. இருபது நிமிஷம் தீப்பெட்டி ஓட்டினார்கள். அந்தத் தம்பிக்கு வண்டி கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நேரில் ஒருவர் சொல்லிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

தம்பி தங்கைகளே, பழைய வண்டிதான் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். இன்று அதே டாடாவில் 5530: 55 டன், 300 குதிரைத்திறன். டன்னுக்குக் கணக்குப் போட்டால் எட்டிலிருந்து ஐந்தரையாகக் குறைந்திருக்கிறது என்பது வேடிக்கை. அந்தக் காலத்து ஓவர்லோடைச் சேர்த்துப் பார்த்தால் வேடிக்கை போய்விடும். பவர் ஸ்டியரிங், ஏர் பிரேக், ஏபிஎஸ் எல்லாம் உயிர் காக்கிற விஷயங்கள். ஜாம்ஷெட்பூரில் 1954-ல் டாடாவோடு சேர்ந்து பென்ஸ் லாரி செய்தவர்கள், 2012-ல் நம் மாவட்டத்து ஒரகடத்திலேயே தனியாகத் தொழிற்சாலை திறந்தார்கள். எங்கே பார்த்தாலும் முன்னேற்றம்தான். ஆனால் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்பது 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்துதான். எழுபது வருஷம் அந்த மனிதர் இஞ்சினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெந்திருக்கிறார்.

என் கவலை இடது சீட்டைப் பற்றியது. நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2018-ல் அது தளர்த்தப்பட்டது. கிளீனர் அதற்கு முன்பே குறைந்துகொண்டு வந்தார். முதலாளியைக் குறை சொல்ல முடியாது. தவணை, டீசல், டோல் போக அவர் கையில் நிற்பது கொஞ்சம்தான். நாங்களோ டிரைவர் எத்தனை தடவை திடீர் பிரேக் அடித்தார் என்று கருவி வைத்து மதிப்பெண் போடுகிறோம். "நாய் குறுக்கே வந்ததுன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியுமா சார்?" என்று அந்தத் தம்பி கேட்டார். தெரியாது. அவர் ஏன் பிரேக் அடித்தார் என்பது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தெரியும். 55 டன்னைத் தனியாகக் கொடுத்து அனுப்பிவிட்டு, மார்க் மட்டும் போட்டால் அது எப்படிப் பயிற்சியாகும்?

இந்த அரங்கில் லாரி வைத்துத் தொழில் செய்கிற நம் கல்லூரிக்காரர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஹெவி லைசென்ஸ் எடுத்த புதுப் பையன்களை உடனே தனியாக அனுப்பாமல், ஆறு மாதம் அனுபவமுள்ள டிரைவரின் இடது பக்கம் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். சொல்லிக் கொடுக்கிற டிரைவருக்கும் தனியாக ஏதாவது கொடுங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்று ஒரு டிரெய்லரை வைத்துக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு சின்ன விபத்தின் பழுதுச் செலவோடு ஒப்பிட்டும் காட்டியிருக்கிறேன். இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர்கள் யாராவது இதைப் புராஜெக்டாக எடுக்க விரும்பினால் துறைத்தலைவரிடம் பேசிவிட்டேன். அவர் சரி என்று சொல்லியிருக்கிறார்.

சாப்பாடு தயார் என்று அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் போக்குவரத்துத் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் மெக்கானிக்கல் பட்டறை வாசலுக்கு வாருங்கள். கணக்குத் தாள் பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.