சுண்டெலியும் உடல்சூடும்



வயலில் எலி கதிரை வெட்டினால் மறுநாளே தெரிந்துவிடும். வீட்டில் சுண்டெலி கொறிப்பது, விதைநெல் மூட்டையை அவிழ்க்கிற அன்றைக்குத்தான் தெரியும். முளைக்கரு போன நெல் முளைக்காது. உங்கள் விதைப்பே தள்ளிப்போகும்.

சிம்மக்கல் பக்கம் வருகிற விவசாயிகள் சிலர், "எலி தூங்கிக்கிட்டே செத்துப்போற மருந்து வெளிநாட்டுல இருக்காமே?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. பெயர் ஆல்ஃபாகுளோரலோஸ். அது ஒரு மயக்க மருந்து.

அது எப்படி வேலை செய்கிறது? அண்டா வெந்நீரும் செம்பு வெந்நீரும் பக்கத்தில் இருந்தால், செம்புதானே முதலில் ஆறும்? சுண்டெலியும் அப்படித்தான். 15, 20 கிராம் எடையுள்ள உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். உடல்சூட்டை 37 டிகிரியில் வைத்திருக்க அது ஓயாமல் தின்று, அந்தத் தீனியை உடம்புக்குள் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். மயக்க மருந்து அந்த அடுப்பைத் தணித்துவிடுகிறது. வெளியே குளிர்; உள்ளே நெருப்பில்லை. உடம்பு சில்லிட்டு எலி சாகிறது.

ஆனால் சுற்றுப்புறம் சுமார் 16 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நன்றாகப் பலிக்கும். இங்கிலாந்து போன்ற குளிர்நாட்டுக்குச் சரி. நம் மதுரையில் மார்கழி விடியலிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே எலி மயங்கும். வெதுவெதுப்பில் தெளிந்து எழுந்து ஓடிவிடும். பிறகு அந்தத் தீனியைத் தொடாமல் போகலாம். பெரிய எலி அண்டா மாதிரி. அதற்குக் குளிர்நாட்டிலும் இது சரிப்படாது. மயங்கிய எலியைத் தின்கிற பூனைக்கும் ஆபத்து.

அப்படியானால் நாம் என்ன செய்வது? மூட்டைகளைப் பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பென்சில் நுழைகிற சந்து சுண்டெலிக்குப் போதும். சிமெண்டு பூசி அடையுங்கள். பொறி வையுங்கள். மருந்துதான் வேண்டுமென்றால் 0.005 சதம் புரோமாடியோலோன் கட்டி இருக்கிறது. இது இரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து. வெயில், குளிர் பார்க்காது. எலி சாகச் சில நாள் ஆகும், பொறுத்திருங்கள்.

பிள்ளைகள், கோழி, ஆடு எட்டாத இடத்தில் வையுங்கள். கையுறை போட்டு எடுங்கள். செத்த எலியை ஆழமாகப் புதையுங்கள். கூகையும் பூனையும் தின்னக் கூடாது. யாராவது தவறி விழுங்கிவிட்டால், மருந்து அட்டையோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு.

குளிர்நாட்டுக்குப் பொருந்துவது நம்ம ஊருக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.