ஒதுக்கீடா, பங்கா?



மனைப்பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடக்கும் நம் பெண்கள் 'அலாட்மெண்ட் வந்துருச்சா சார்?' என்றுதான் கேட்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது 'லாட்'. பழைய ஆங்கிலத்தில் அது திருவுளச்சீட்டுப் போலக் குலுக்கி எடுக்கும் பொருள். சீட்டில் விழுந்த பங்குக்கும் அதுவே பெயரானது. பிறகு தலைவிதிக்கும் ஆனது.

சீட்டு என்றால் நியாயம் என்று தோன்றும். நம் தஞ்சைச் சீமையிலும் அது நடந்தது. சமுதாயக் கிராமங்களில் மிராசுதாரர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு நிலத்தைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். கரையீடு என்று பெயர். நல்ல நிலமும் மட்ட நிலமும் மாறி மாறி வரும். ஆனால் அந்த நிலத்தை உழுத பறையர், பள்ளர் பெயரில் சீட்டே எழுதப்படவில்லை. குடத்தில் பெயரே போடாதவர்களைப் பார்த்து 'உங்கள் தலையெழுத்து' என்றார்கள்.

தமிழில் அலாட்மெண்டை 'ஒதுக்கீடு' என்கிறோம். ஒதுக்குவது என்றால் எடுத்து வைப்பது. தள்ளி வைப்பதும் அதுதான். சேரியை ஊரைவிட்டு ஒதுக்கிய அதே வினைச்சொல்லால்தான் இன்று நமக்கு மனையும் ஒதுக்குகிறார்கள். இரண்டிலும் ஒதுக்குகிற கை வேறொருவருடையது.

அந்தக் கை கொடுத்தது நம்மிடம் நின்றதா? 1892 அரசாணையால் வந்த பஞ்சமி நிலம், வேறு சாதியாருக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறியது. அதை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம்.

'பங்கு' என்ற சொல்லை மிராசுதாரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பங்குக்காரர்கள், நாம் பண்ணையாட்கள். பங்கு கேட்பவர் தயவு கேட்பதில்லை, கணக்குக் கேட்கிறார். கீழ்வெண்மணி மக்கள் கேட்டது விளைவித்த நெல்லில் கொஞ்சம் கூடுதல் கூலி. அந்தக் கணக்குக்குப் பதிலாக 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள்.

இதே வேதாரண்யத்தில் 1930இல், உப்பு மக்களுடையது என்று சொல்லி ராஜாஜி தலைமையில் அள்ளினார்கள். அகத்தியம்பள்ளி உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களில் எத்தனை பேருக்குப் பாத்தி சொந்தம்?

தோழர்களே, இடஒதுக்கீடும் சலுகை அல்ல, நம் பங்கு. இனி மனு எழுதும்போது 'ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுத வேண்டாம். 'எங்கள் பங்கு எங்கே?' என்று எழுதுவோம். மனுவில் எத்தனை குடும்பம், எத்தனை தலைமுறை உழைப்பு என்ற கணக்கையும் சேர்ப்போம்.