முன்னால் போகும் வண்டி

சிங்காநல்லூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி நூறு கிலோமீட்டருக்கு மேல். தைப்பூசத்துக்கு மாலை போட்டவர்களுக்கு அது மூன்று நான்கு நாள் நடை. அதில் முதல் நாளை மட்டும் பார்ப்போம். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி நொய்யலைத் தாண்டினால் வெள்ளலூர். ரோமானியர் காசுகள் புதையலாகக் கிடைத்த ஊர் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்துபோன வணிகர்களின் தடம் பட்ட மண். போத்தனூர் கடந்து, ஈச்சனாரிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் விட்டுப் பொள்ளாச்சி சாலையில் ஏறும்போது கிழக்கு வெளுத்திருக்கும். பிறகு மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம். கிணத்துக்கடவில் பொன்மலை வேலாயுதசாமியின் குன்று கண்ணில் பட்டால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் முடிந்தது. அன்றைக்கு அது போதும்.

இந்தத் தூரத்தை நடப்பவர் தனியாகக் கடப்பதில்லை. மொபெட்டில் மனைவியோ தம்பியோ முன்னால் போய், நிழல் பார்த்து நிறுத்தி, உப்புப் போட்ட மோரோடு காத்திருக்கிறார்கள். நடை வேகத்தில் இருப்பவருக்குத் தாகம் தெரியாது. இடது குதிகாலை ஊன்றாமல் சாய்ந்து வருவதும் தெரியாது. எதிரே நின்று பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். கொப்புளம் உடையுமுன் எண்ணெய் தடவித் துணி சுற்றுவது அந்தக் கண்ணின் வேலை. வழி நெடுக அன்னதானப் பந்தல் இருக்கிறதே, தனித் துணை எதற்கு என்பார்கள். பந்தல் ஆயிரம் பேருக்குப் பசியாற்றும், அது பெரிய தொண்டு. ஆனால் ஒத்தக்கால்மண்டபத்தில் ஒருவர் நொண்டத் தொடங்கியது அடுத்த பந்தலுக்குத் தெரியாது. வண்டி கூட வந்தால் வேண்டுதலின் பலன் குறையும் என்ற பேச்சும் உண்டு. காவடிக்கே மூலமான இடும்பன் கதையை நினைத்துப் பாருங்கள். இரண்டு மலைகளைத் தோளில் சுமந்தவன் வீழ்ந்தபோது, முருகனிடம் மன்றாடி அவனை மீட்டவள் இடும்பி. முதல் காவடிக்கே துணை தேவைப்பட்டிருக்கிறது.

சில குழுக்களோடு ஊர் நாயும் வந்துவிடுகிறது. பைரவர் வாகனம், தருமரோடு கடைசிவரை நடந்தது, தானாக வருவதைத் தடுக்கக் கூடாது என்பார்கள். அந்த அன்பை மதிக்கிறேன்; முடிவை ஏற்க மாட்டேன். 2019-இல் திருமலையிலிருந்து ஐயப்ப பக்தர்களைத் தொடர்ந்து கர்நாடகம் வரை, 480 கிலோமீட்டர் அளவுக்கு ஒரு நாய் நடந்த செய்தியைப் பலரும் வியந்து படித்தோம். நடுவழியில் அது காயப்பட்டதும் அதே செய்தியில்தான் இருந்தது. நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். தை மாதக் காலை குளிர்ந்திருந்தாலும் பத்து மணிக்குமேல் தார் கொதிக்கத் தொடங்கிவிடும். புறங்கையைச் சாலையில் வையுங்கள். ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் அது ஆகாது. அப்போது துணை வண்டியில் ஒரு சாக்கை விரித்து ஏற்றிக்கொள்ள வேண்டும், அல்லது கிளம்பும்போதே ஊரில் கட்டிவிட்டு வர வேண்டும்.

நடக்கும் நாளெல்லாம் கடைசியாகச் சாப்பிட்டு, கடைசியாகப் படுப்பவர் அந்த வண்டிக்காரர்தான். தூக்கமில்லாமல் மறுநாள் வண்டி ஓட்டுபவரும் அவரே. அதனால் நேயர்களே, இரவில் ஒரு மணி நேரமாவது முன்னதாக அவரைப் படுக்கச் சொல்லுங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு மாலை போடும்போது துணைக்கு வருபவர் கழுத்திலும் ஒரு மாலை போடுங்கள்.