கிறிஸ்துமஸ் கதையில் இரு குழந்தைகள்



அனுப்பம்பட்டில் கூடியுள்ள நாம் ஒரு கிறிஸ்துமஸ் கதையை நினைவுகூர்வோம். 12 வயதிலேயே தொழிற்சாலையில் உழைத்த சார்லஸ் டிக்கன்ஸ், 1843இல் இலண்டனில் ஏழைச் சிறார் பள்ளியொன்றைக் கண்டு மனம் நொந்தார். அவ்வாண்டு டிசம்பர் 19இல் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ வெளிவந்தது.

கஞ்சன் ஸ்குரூஜ் மனந்திருந்தி, தன் ஏழை எழுத்தர் வீட்டிற்கு வான்கோழி அனுப்பியதை உலகம் போற்றுகிறது. ஆவியின் அங்கிக்குள் ஒடுங்கிநின்ற இரு குழந்தைகளையோ மறந்துவிடுகிறது. சிறுவன் அறியாமை, சிறுமி வறுமை. இருவருள் சிறுவனுக்கே பெரிதும் அஞ்ச வேண்டும் என எச்சரிக்கிறது ஆவி.

வான்கோழி ஒருவேளை விருந்து. கல்வியோ தலைமுறைச் சோறு. செல்வர் மனந்திருந்தும்வரை நாம் காத்திருக்கவில்லை. 25 ஆண்டுகளாய் எழுத்தறிவித்து வந்துள்ளோம். ஏரிக்கரையில் படிப்பை இடைநிறுத்திய பிள்ளை ஒன்று உள்ளவரை நம் பணி ஓயாது.