இரு விளிம்புகளும்



என் தம்பி மகன் ஒரு டப்பாவோடு பங்கு இல்லத்துக்கு வந்தான். உள்ளே 1:24 அளவிலான பிளாஸ்டிக் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். குருமட நாட்களில் நான் பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்தது. முன் பம்பர் முறிந்திருந்தது. "சூப்பர் க்ளூ போட்டேன் பெரியப்பா, திரும்பவும் விட்டுடுச்சு." அதன் ஆவி பட்டு முன்கண்ணாடியும் வெளுத்திருந்தது.

அந்தப் பசை இரு துண்டுகளுக்கு நடுவே கெட்டியாகி நிற்கும், அவ்வளவுதான். ஒரு தட்டுக்குத் தாங்காது. மாடல் செய்பவர்களின் பாலிஸ்டைரீன் சிமெண்ட் வேறு வகை. அது கரைப்பான். இரு விளிம்புகளையும் இளக்கி, ஒன்றோடொன்று கலக்கவைத்து, தான் ஆவியாகிப் போய்விடும். ஒரு விளிம்பு மட்டும் இளகினால் போதாது. பெயிண்டின் மேலும் குரோம் பூச்சின் மேலும் அது பிடிக்கவே பிடிக்காது. பீட்டிலின் பம்பரோ முழுக்கக் குரோம்! அந்தப் பளபளப்பைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை. பழைய பசையோடு சேர்த்துச் சுரண்டினேன். ஒட்டி, ஒரு நாள் தொடாமல் வைத்தேன்.

அம்மாவின் அடக்கத்தன்று தம்பியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். நான்கு ஆண்டுகளாகப் பேச்சில்லை. கிறிஸ்து பிறப்புக்குக் கேக் அனுப்புவேன், அவனும் அனுப்புவான். காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்லும் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். ஆனாலும் அவனே முதலில் வரட்டும் என்றிருந்தேன். சாமியார் அல்லவா!

இந்தக் காரை இத்தனை நாளும் யார் வைத்திருந்தது என்று பையனைக் கேட்டேன்.

"அப்பாதான். பீரோவுல."

ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்ததும் காரை நானே கொண்டுபோகிறேன். எனக்காகச் செபித்துக்கொள்ளுங்கள்.